பலெர்மோவுக்குக் கொண்டுபோன வெயில்

கார்த்திகை முடிவில் போகிற சூரியன் தை நடுவில்தான் திரும்பி வருகிற, நோர்வேயின் வட உச்சியில் இருக்கிற ஒரு மீன்பிடி ஊரில், மீன் ஆலையில் வேலை செய்கிற தமிழ்ச் சனம் கொஞ்சப்பேர் இருந்தோம், அந்தச் சனத்துக்குள் என் வீட்டுக்காரர் தயாபரன் ஒருத்தரிடம்தான் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது, அதுவும் இத்தாலியில் செய்த, பூவரசம்பூ மாதிரி மஞ்சளான, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கிற பழைய கார். முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம். பின்னுக்குக் குழந்தைக் கதிரை ஒன்றைப் பூட்டினால் பிறகு ஒரு வாழைப்பழம் வைக்கவும் இடமிராது. என்னைக் கலியாணம் கட்ட முதலே அவர் அந்தக் காரை வாங்கிவிட்டார் என்பதால் சோதியண்ணை என்னை "ரெண்டாந்தாரம்" என்றுதான் கூப்பிடுவார். சோதியண்ணை அந்த ஊருக்கு முதல் வந்த தமிழர், ஆரைப் பற்றியும் எதையும் சொல்ல உரிமை எடுத்துக்கொண்டவர்.

குளிருக்கு ரோட்டில் உப்புப் போடுவார்கள், உப்புப் பட்டால் இரும்பு உக்கிவிடும் என்று, ஐப்பசியிலேயே காரைக் கராஜுக்குள் விட்டு, மெல்லிய போர்வையால் மூடி, காய்ச்சல்காரரைப் போய்ப் பார்க்கிற மாதிரி வேலையால் வந்ததும் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் வருவார். மார்கழியில் ஒரு மத்தியானம் பனிப் பாரத்தில் கராஜ் கூரை வளைந்துவிட்டது. காரை வெளியே எடுத்து வாசலில் விட்டார். விட்ட உடனே அதன் மேல் வெயில் விழுந்தது.

காரின் அளவுக்குத்தான் விழுந்தது. முன் பம்பரில் தொடங்கிப் பின் பம்பரில் முடிந்தது. மேலே வானம் கருநீலமாகவே கிடந்தது, மத்தியானத்தில் எரிகிற தெரு விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன, பக்கத்து வீட்டுக் கூரையில் பனி கரையவில்லை, ஆனால் காரின் கண்ணாடியில் இருந்த ஐஸ் உருகிச் சொட்டச் சொட்ட வடிந்தது. அப்போது இரண்டு வயதான என் மகள் இயலினி கையை வெயிலுக்குள் நீட்டி, வெளியே எடுத்து, திரும்ப நீட்டி, அது ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நான் உள்ளே போய், நாள்கணக்கில் உலராமல் கதிரையில் தொங்கின அவளுடைய சட்டையைக் கொண்டுவந்து காரின் முன்பக்கப் பொனற்றில் விரித்தேன்.

"இஞ்ச, பெயின்ற்!" என்று கத்தினார் அவர்.

நான் ஒரு துவாயை மடித்துச் சட்டைக்குக் கீழே போட்டேன்.

அடுத்த நாள் பரமேஸ் அக்கா மோர்மிளகாய் பரப்பின சுளகோடு வந்தா. ஆலையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிற அவ, வாசலில் நின்று வானத்தையும் பார்க்கவில்லை, என்ன ஏது என்று கேட்கவுமில்லை. "எத்தினை மணி மட்டும் நிக்கும்?" என்றா. "பின்னேரம் வரைக்கும் அக்கா." "அப்ப காணும்" என்று சுளகைக் கார்க் கூரையில் வைத்தா. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொன்று வந்தது, வேப்பம்பூ வடகம் வந்தது, பனம்பழப் பினாட்டு வந்தது, கறித்தூளுக்குக் கழுவின மல்லி வந்தது, தலை முழுகின பெண்பிள்ளைகள் கூந்தலை விரித்துக்கொண்டு வந்து பின் கண்ணாடியில் சாய்ந்து நின்றார்கள், முழங்கால் நோகிற பக்கத்து வீட்டு ஓலவ் சாரத்தைத் தூக்குகிற மாதிரி காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் இரண்டையும் முன் சில்லடியில் நீட்டிப் போட்டுக் கோப்பி குடித்தார். நகரசபையிலிருந்தும் ஒருத்தர் வந்தார். வெளியில் புது விளக்குப் பூட்டினால் அனுமதி எடுக்கவேண்டும் என்றார். பிறகு சுற்றிச் சுற்றிப் பார்த்து, இது விளக்கு இல்லைத்தானே என்று தனக்குத்தானே சொல்லி, கையுறையைக் கழற்றிக் கை இரண்டையும் நன்றாகக் காயவிட்டுப் போனார்.

சண்டையும் வராமல் இல்லை. "உன்ர கருவாட்டை என்ர மிளகாய்க்குப் பக்கத்தில வையாத, சொல்லிப்போட்டன்" என்று பரமேஸ் அக்கா ஒரு நாள் முழுக்கக் கத்தினா. சோதியண்ணைதான் முறை வகுத்தார், விடிய மிளகாய், மத்தியானம் முழங்கால், பின்னேரம் குழந்தைப்பிள்ளை உடுப்பு. ஆரோ சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆரோ சாம்பிராணி காட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பொலிஷ் துணியோடு நடந்து திரிந்து, ஒவ்வொரு சுளகுக்குக் கீழேயும் துணி இருக்கிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ரெண்டாந்தாரத்தை இப்பிடித் துடைச்சு வைச்சிருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் நாலு வார்த்தை கதைக்கும்" என்றார் சோதியண்ணை. நான் சுளகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அப்படி அந்த வெயிலோடு நாங்கள் பழகிக்கொண்டு வந்தபோதுதான் பலெர்மோவில் இருந்து அண்ணாவின் மனிசி ஸ்ரெல்லா அண்ணி ரெலிபோன் எடுத்தா.

"வதனி, கொண்ணா இன்னும் கதவைத் திறக்கேல்லையடி."

சீலன் அண்ணா எனக்கு இருக்கிற ஒரே சகோதரம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, சண்டைக்குள் ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலமெல்லாம் எனக்குத் தலை இழுத்துவிட்டது அவர், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மண்ணில் எழுத்துக் காட்டித்தந்ததும் அவர். பலெர்மோவில் ஒரு வயதுபோன இத்தாலிக்கார ஐயாவைக் குளிப்பாட்டி, சவரம் எடுத்து, சூப் பருக்கி, கனகாலம் பார்த்துக்கொண்டார். அந்த ஐயா செத்த அன்றே அவருடைய பிள்ளைகள் வந்து வீட்டுத் திறப்பை அண்ணாவிடம் வாங்கிக்கொண்டு, செத்தவீட்டுக்கு வரவேண்டாம், சொந்தக்காரர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணா வீட்டுக்கு வந்து, தன் அறை யன்னலின் மரக்கதவுகளைச் சாத்தி, அறைக் கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார். அது வைகாசியில். கோடை முழுக்க அவர் வெளியே வரவில்லை. சாப்பாட்டைக் கதவடியில் வைத்தால் ஆரும் இல்லாத நேரம் எடுப்பார். கேட்டால் "ம்" என்பார்.

"டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோவன் அண்ணி."

"கூட்டிக்கொண்டு போறதுக்கு முதல் ஆள் வெளியில வரவேணுமே."

அன்று நான் வெளியே போய், மிளகாயை எல்லாம் திருப்பிப் போட்டுவிட்டு, அந்த வெயிலுக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். நின்று முடிந்ததும் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கராஜுக் கூரைக்கு மரம் அறுத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ. இந்தக் காரைப் பலெர்மோவுக்குக் கொண்டு போகவேணும்."

வாளை நிறுத்தினார். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் இது வேணும் என்று கேட்டதே இல்லை, அதனால் நான் கேட்டது அவருக்கு முதலில் காதிலேயே ஏறவில்லை.

"என்னத்தை?"

"கார். வெயிலோட. அண்ணாவிட்ட."

"நீர் பிளேனில போய்ப் பாத்திட்டு வாருமன். நான் ரிக்கற் போட்டுத் தாறன்."

"நான் போனால் கதவுக்கு வெளியில நிண்டு அழுதிட்டு வருவன். என்னால வேற ஒண்டும் செய்ய ஏலாது. இதால ஏலும்."

"ரோட்டு முழுக்க உப்பு வதனி. இஞ்சயிருந்து இத்தாலி மட்டும் உப்பு. இது உக்கிப்போடும்."

"ஓம்" என்றேன். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாளைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குளிர்கால ரயர்களை இறக்கினார்.

ஊரில் கதை பரவினதும் எல்லாரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "பலெர்மோவுக்கு வெயில் கொண்டு போறியோ? அங்க வெயிலை அள்ளிக் கொட்டி வைச்சிருக்கிறாங்கள், பிள்ளை!" என்று சோதியண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடலுக்குப் பவுசரில தண்ணி கொண்டு போற மாதிரி." பரமேஸ் அக்கா சிரிக்கவில்லை. "தை நடுவு மட்டும் நாங்கள் என்ன செய்யிறது? என்ர மிளகாய் அரைவாசிதான் காய்ஞ்சிருக்கு" என்றா. ஓலவுக்கு ஆரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் தன் முழங்காலைத் தடவிப் பார்த்து, அந்த ஆளுக்கு முழங்காலை விடப் பெரிய இடத்தில் நோவு என்றால் கொண்டு போகத்தான் வேண்டும் என்று சொன்னார். அதற்குப் பிறகு ஆரும் மறுத்துக் கதைக்கவில்லை. ஆனால் எங்கட சனம் ஒரு கார் வெளிக்கிடுகிறது என்று அறிந்தால் சும்மா விடுமா, டென்மார்க்கில் தங்கச்சிக்கு மோர்மிளகாய், ஜெர்மனியில் மச்சானுக்குக் கருவாடு, சுவிஸில் மருமகளுக்குத் தைத்த சட்டை என்று பார்சல் பார்சலாகக் கொண்டுவந்து, ஒரு அரிசி மூட்டையும் கொள்ளாத அந்தக் காரின் சாமான் பெட்டிக்குள் அமத்தி, மிஞ்சினதை என் மடியிலும் காலடியிலும் வைத்து, கதவைத் தள்ளிச் சாத்தினார்கள்.

இப்படித்தான் நாங்கள் வெளிக்கிட்டோம். பின்லாந்துக் காடுகளுக்குள்ளால் போனோம், இரண்டு பக்கமும் இருட்டு மரங்கள், நடுவில் எங்கள் கார் மட்டும் நடுப்பகலில் ஓடியது, கலைமான்கள் ரோட்டுக்கு வந்து வெயிலுக்குள் முதுகைக் கொடுத்தபடி எங்களோடு கொஞ்சத் தூரம் கூடவே நடந்தன. சுவீடனில் பெற்றோல் அடிக்கப் போன இடத்தில் கடைக்காரப் பெட்டை வெளியே வந்து, கண்ணை மூடி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, கோப்பிக்குக் காசு வாங்காமல் விட்டாள். டென்மார்க்கில் மோர்மிளகாய்க்காரத் தங்கச்சி எங்களைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று நின்றா, நாங்கள் புட்டுச் சாப்பிடுகிற நேரத்துக்குள் அந்தத் தெருத் தமிழாக்கள் எல்லாரும் மெத்தை தலையணையைக் கொண்டுவந்து காய விட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் ஒரு கலியாணப் பொம்பிளையைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்கு போனாலும் ஆரும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்றுதான் கேட்டார்கள். எனக்கு ஒவ்வொரு இடத்திலும் நேரம் போகிறதே என்றுதான் இருந்தது. அண்ணி ஒவ்வொரு நாளும் ரெலிபோன் எடுத்து, சாப்பாட்டுக் கோப்பை தொடப்படாமல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தா.

என் வீட்டுக்காரர் முதலில் ஒவ்வொரு பின்னேரமும் காரைக் கழுவினார். வாளி கேட்டு, சுடுதண்ணீர் கேட்டு, சில்லின் இடுக்கில் இருந்த உப்பைப் பல்லுத் துலக்குகிற பிறஸால் தேய்த்து எடுத்தார். ஜெர்மனியின் பாதியில் அதை நிறுத்திவிட்டார்.

"கழுவேல்லையோ?" என்றேன்.

"கழுவுற நேரத்துக்கு இன்னும் நூறு கிலோமீற்றர் போகலாம்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "கொண்ணாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேட்டார். அண்ணாவைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மீன் குழம்பு என்றேன். அதற்குப் பிறகு சுவிஸ் எல்லை மட்டும் நான் அண்ணாவைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தேன், அவர் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். மலையைத் துளைத்துப் போட்ட நீளச் சுரங்கப் பாதைக்குள்ளும் வெயில் எங்களோடு வந்தது, முன்னால் போன லொறிக்காரர் எல்லாம் கண்ணாடியில் பார்த்து ஹோர்ன் அடித்தார்கள், இயலினி ஒவ்வொரு ஹோர்னுக்கும் கை காட்டினாள்.

ரோமைத் தாண்டினதும் வெளியிலும் நல்ல வெயில். இரண்டு வெயிலும் ஒன்றுக்கு மேல் ஒன்று கிடந்ததில் எங்களுடையது எது என்று தெரியவில்லை. நான் பயந்துபோனேன். ஒவ்வொரு பாலத்துக்குக் கீழே போகும்போதும் கையை வெளியே நீட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். சிசிலிக்குப் போகிற கப்பலின் அடித்தட்டில், இருட்டில், காரை நிறுத்தினதும் அது வழமை மாதிரி மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. அப்போதுதான் நான் கையை உள்ளே எடுத்தேன்.

அண்ணாவின் வீடு இருந்த ஒழுங்கையில் வீடுகள் ஒன்றின் மூச்சு ஒன்றில் படுகிற அளவுக்கு நெருங்கி நின்றன. பலெர்மோ முழுக்க வெயில் கொட்டினாலும் அந்த ஒழுங்கைக்குள் ஒரு பொட்டு இறங்காது. சந்தியில் நின்ற தமிழ்ப் பொடியள் "அண்ணை, இதுக்குள்ள மோட்டச்சைக்கிள்தான் போகும்" என்றார்கள். அவர் காரின் பக்கக் கண்ணாடிகளை மடித்துவிட்டு உள்ளே விட்டார். மதில் ஒரு பக்கத்தை நீளத்துக்கு உரஞ்சியது. கேட்கவே பல்லுக் கூசியது. இறங்கிப் போய், மஞ்சளுக்குள் வெள்ளையாக ஓடின அந்தக் கோட்டைப் பார்த்தார். ஒருக்கால் கண்ணை மூடித் திறந்தார். "யன்னல் எது?" என்றார்.

முதல் மாடியில் சாத்திக் கிடந்த பச்சை மரக்கதவுகளுக்கு நேர் கீழே கார் நின்றது. ஸ்ரெல்லா அண்ணி இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா. நான் மேலே ஏறிப் போய் அறைக் கதவில் கை வைத்தேன்.

"அண்ணா, நான் வதனி. கீழ வெயில் கொண்டு வந்திருக்கிறன்."

"ம்."

"வந்து பாருங்கோவன்."

அதற்கு "ம்" கூட வரவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, அந்த வெயில் ஒரு நாளும் காரை விட்டு ஏறினதில்லை, சுவரில் ஏறாது, யன்னலுக்குள் போகாது. அதைக் கொண்டுபோய்க் கீழே வைத்தால் அண்ணாவின் அறைக்குள் போய்விடும் என்று நான்தான் பிழையாக நினைத்து, ஒரு கண்டத்தின் நீளத்துக்குக் கொண்டு வந்திருக்கிறேன். படியில் இருந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து இருந்தார். "வந்தது வந்தாச்சு. நிப்பம்" என்றார்.

நின்றோம். இரண்டு நாள் போவதற்குள் ஒழுங்கையும் வெயிலைப் பழகிக்கொண்டது. எதிர்வீட்டு மரியெல்லா குளிருக்கு உலராத படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து கூரையில் போட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்து, கீழே துணி போட்டிருக்கிறேன் என்று சைகையால் காட்டினா. மூலைக் கடை வங்காளிக்காரர் சப்பாத்துக்களை வரிசையாக வைத்தார். கிழமைக்கு ஒருக்கால் மட்டும் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கிற சனம், இடத்துக்குச் சண்டை பிடித்து, சண்டையில் பேர் தெரிந்து, பேர் தெரிந்ததில் சாப்பாடு மாற்றினார்கள். மேலே பச்சைக் கதவுகள் மட்டும் அசையவில்லை. அண்ணா எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒரு காலை நான் அண்ணியின் கறித்தூளுக்கென்று செத்தல் மிளகாய் வாங்கிக் கழுவி, பழைய சீலையை விரித்து, பொனற் நிறையப் பரப்பினேன். அண்ணி சந்தைக்குப் போய்விட்டா, அவர் இயலினியோடு கடைக்குப் போய்விட்டார். நான் படியில் இருந்து வெங்காயம் உரித்தேன். என் கையில் ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்தால், ஒழுங்கைக்கு மேலே தெரிகிற அந்த ஒரு கீற்று வானம் கறுத்துப்போய் நின்றது, வெயில் காரில் அப்படியே கிடக்க அதற்குள்ளேயே துளி விழத் தொடங்கியது.

"ஐயோ, மழை! மிளகாய்!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. அது அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

மேலே ஒரு கதவு அடித்துத் திறந்த சத்தம். படியில் கால் சத்தம். நான் எழும்ப முதலே, என்னைத் தாண்டி, வெறுங்காலோடு, சாரத்தை மடித்துக் கட்டியபடி, நெஞ்சு மட்டும் தாடி வளர்ந்த ஒரு ஆள் பாய்ந்துபோய்ச் சீலையின் நாலு மூலையையும் ஒரே இழுப்பில் சேர்த்துக் கட்டினார். கட்டினதைத் தோளில் எறிந்து, மற்றக் கையால் மரியெல்லாவின் விரிப்புகளைச் சுருட்டி, "சப்பாத்தை எடு, சப்பாத்தை எடு, நிண்டு பாக்கிறாய்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

இடம்பெயர்ந்த காலத்தில் எந்தத் தறப்பாளில் என்ன காயப்போட்டிருந்தாலும், நெல்லோ, பயறோ, ஆரோ ஒருத்தரின் பிள்ளையுடைய உடுப்போ, முதல் துளிக்கு ஓடுகிறவர் அண்ணாதான். எங்களிடம் இருந்ததே கொஞ்சம், அதில் எதையும் அவர் ஒரு நாளும் நனைய விட்டதில்லை. அவருடைய கால் அதை யோசித்து ஓடவில்லை.

வாசல் நிலையடியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவர் மூச்சு வாங்கினார். "மழை இருட்டுது எண்டு தெரியாதோ உனக்கு? ஆர் உனக்குக் காயப்போடப் பழக்கினது?"

"நீங்கள்தான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் தான் எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். ஒழுங்கையின் வாசல்களில் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். மரியெல்லா வந்து விரிப்புகளை வாங்கி, நேற்றும் அவரைக் கண்டவ மாதிரி, "கிராட்சியே, சீலான்" என்று இத்தாலியனில் நன்றி சொல்லிப் போனா. அண்ணா திரும்ப உள்ளே போய்விடுவார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். மழை அவருடைய தாடியால் வடிந்தது. கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் குழந்தையோடு நனைந்துகொண்டு நின்றார்.

"இது ஆர்?" என்றார் அண்ணா.

"உங்கட மருமகள், மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணா அவளைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார், உரஞ்சின கோட்டில் விரலை ஓடவிட்டார். "ஐயாவிட்டயும் ஒண்டு நிண்டது, பழசு. ஞாயிற்றுக்கிழமையளில கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறனான். கண் தெரியாது அவருக்கு. அலைச் சத்தம் கேக்கவேணும் எண்டுவார்." அவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார், எட்டு மாதத்துக்குப் பிறகு. "செத்தவீட்டுக்கு வரவேண்டாம் எண்டிட்டாங்கள்."

என் வீட்டுக்காரர், ஊரில் ஒருத்தரையும் ஸ்ரியறிங்கில் கை வைக்க விடாத மனிசன், காற்சட்டைப் பைக்குள் கை விட்டுக் கார்த் திறப்பை எடுத்து நீட்டினார். "இப்ப போவம் மச்சான். கடலுக்கு."

முன்னுக்கு இரண்டு பேர்தான் இருக்கலாம். நான் இயலினியைப் பின்னுக்குக் கட்டிவிட்டு விலகி நின்றேன். அண்ணா சாரத்தோடேயே ஏறினார். கார் மழைக்குள் பின்னால் உருண்டு ஒழுங்கையை விட்டுப் போனது, வெயிலும் அதோடு போனது, போன இடம் ஈரமாகவும் இருட்டாகவும் கிடந்தது, எனக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. சந்தையால் வந்த அண்ணி திறந்து கிடந்த கதவைப் பார்த்து மரக்கறிப் பையைக் கீழே போட்டா. நான் சொல்லச் சொல்ல அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் யன்னலின் பச்சைக் கதவுகளைத் தள்ளித் திறந்தா.

மழை விட்டு, பின்னேரம் ஆனது. கார் திரும்பி வந்தபோது அதில் என் வீட்டுக்காரரும் பிள்ளையும்தான் இருந்தார்கள். நான் ஓடிப்போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தேன்.

"வாறார். நடந்து வாறன் எண்டவர்" என்றார் அவர்.

அப்போதுதான் கவனித்தேன், காரின் மேல் வெயில் இல்லை. ஒழுங்கையின் மற்ற நிழலைப் போலத்தான் அதுவும் நின்றது.

"அது துறைமுகத்தடியில இறங்கிட்டுது" என்றார். "அகதியாப் படகில வந்த சனம் கொஞ்சம் கம்பளியைப் போத்துக்கொண்டு சீமெந்து நிலத்தில இருந்ததுகள். கொண்ணா காரை அதுகளுக்குப் பக்கத்தில நிப்பாட்டினவர். இறங்கிப் போய்க் கதைச்சவர். பேந்து நாங்கள் வெளிக்கிட, அது வரேல்லை. நானும் கூப்பிடேல்லை." கூரையைக் கையால் தடவினார். "வீட்டை போகேக்க வடிவாக் கழுவவேணும்."

ஒழுங்கைச் சனம் வந்து பார்த்துவிட்டு, துணிகளை மடித்துக்கொண்டு போனார்கள். வங்காளிக்காரர் கடைக்கு மேலே ஒரு கயிறு கட்டலாமா என்று மரியெல்லாவிடம் யோசனை கேட்டார்.

பிறகு அண்ணாவின் குரல் முதலில் வந்தது, சந்தியில் நின்று ஆரோடோ, இது காலையில் பிடித்த மீனா நேற்றுப் பிடித்த மீனா என்று இத்தாலியனில் சண்டை. அதற்குப் பிறகு ஆள் வந்தார், கையில் பை, பைக்குள் வால் நீட்டிக்கொண்டு மீன். அண்ணி படியில் நின்று, எட்டு மாதக் கோபத்தை எல்லாம் சேர்த்து, "உள்ள வாங்கோ, தலையைத் துடையுங்கோ, மீனை இஞ்ச தாங்கோ" என்றா.

அண்ணா வாசலில் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் இருந்துகொண்டு, கத்தியைக் கேட்டுக் கை நீட்டினார்.

"இதில இருந்து வெட்டுறன். உள்ளுக்க வெளிச்சம் காணாது."